இளவரசருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை

1

ஆகஸ்ட் பதினைந்து அன்று நீங்கள் அங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருப்பீர்கள். நான் இருக்கும் நாட்டுக்கும் அதுதான் தேசிய நாள். நாட்டின் பெயர் லிச்டென்ஸ்டைன். ஏற்காட்டில் பஸ் ஏறி அடிவாரம் தாண்டிச் சேலம் போய்ச் சேரும் நேரத்துக்குள் இந்த நாட்டைக் காரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்துவிடலாம். ஒருபக்கம் சுவிட்சர்லாந்து, மறுபக்கம் ஆஸ்திரியா, நடுவில் மலைச்சரிவில் பதினோரு ஊர்கள், ஒரு கோட்டை, கோட்டையில் ஓர் இளவரசர். அவ்வளவுதான்.

முதியோர் இல்ல வேலைக்கு இங்கே வந்த புதிதில், எழுபத்தைந்தாம் வருஷம், அந்த நாளில் இவர்கள் நாட்டுப்பண் வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எங்கள் அப்பாவை விறைப்பாக நிற்கவைத்துப் பாடச் சொன்ன ராஜ வாழ்த்தின் மெட்டேதான் அது. சொற்கள் வேறு, மெட்டு அதே மெட்டு. அப்பா கோபம் வரும்போதெல்லாம் அதை ஏளனமாக முனகிக் காட்டுவார் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும். ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான மாரமங்கலத்துக்கு அதைக் கடிதத்தில் எழுதினேன். அண்ணன் கையால் அப்பா எழுதச் சொன்ன பதில் வந்தது. அந்த மெட்டைத் துரத்திவிட்டதற்குத்தான் நாம் வருஷாவருஷம் மிட்டாய் கொடுக்கிறோம், நீ போய் அதற்கு எழுந்து நிற்கிறாயா என்று கேட்டிருந்தார்.

நின்றேன். பதினெட்டு வருஷம் நின்றேன். இந்த வருஷம் நிற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

இந்த நாட்டின் சரித்திரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரோஸா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவள் சமையல்கட்டில் இருக்கிறாள், நான் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, சோறு ஊட்டுகிறேன். அடுத்த வீடும் அவளுடையதுதான். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வியன்னாவில் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. ஊர்ஊராக நிலம், அரண்மனை, ஆள் அம்பு எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் இல்லை. பேரரசரின் சபையில் உட்கார நாற்காலி இல்லை. பேரரசருக்கு நேராகக் கட்டுப்பட்ட நிலம் கையில் இருந்தால்தான் அந்த நாற்காலி. அப்படிப்பட்ட நிலம் விலைக்கு வந்தது இந்த இரண்டு மலைச்சரிவுகள்தான். ஒன்றை 1699இல் வாங்கினார்கள், மற்றொன்றை 1712இல் வாங்கினார்கள். ஏழு வருஷம் கழித்து இரண்டையும் சேர்த்து, தங்கள் குடும்பப் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள். அதிலிருந்த ஆடு மாடு மனிதர் எல்லோரும் அந்தப் பெயருக்குச் சொந்தமானார்கள்.

வாங்கினார்களே, வந்து பார்த்தார்களா? நூறு வருஷத்துக்குமேல் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரியை அனுப்பி ஆண்டார்கள். இங்கேயே வந்து குடியிருந்த முதல் இளவரசர், நான் வந்தபோது பட்டத்தில் இருந்த பெரியவர்தான். அவர் வந்ததும் 1938இல், ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பிறகு. எண்பத்தொன்பதில் அவர் போனதும் மகன் பட்டத்துக்கு வந்தார். இந்த மகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன வருஷம் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டில் சேரலாமா என்ற வாக்கெடுப்புக்கு நாள் குறிப்பதில் சட்டசபையோடு மல்லுக்கட்டினார், ஜனங்கள் தெருவில் கூடிவிட்டார்கள். இன்றைக்கும் அவர் ஒப்பாவிட்டால் இங்கே எந்தச் சட்டமும் சட்டமில்லை.

ரோஸா சிரித்துக்கொண்டே சொல்லும் கதை ஒன்று உண்டு. 1866இல் ஒரு சண்டைக்கு இந்த நாட்டிலிருந்து எண்பது சிப்பாய்கள் போனார்களாம், எண்பத்தோரு பேர் திரும்பி வந்தார்களாம். ஒருவரும் சாகவில்லை, வழியில் சிநேகமான ஒருவன் கூடவே வந்துவிட்டான். பட்டாளத்தையே பிறகு கலைத்துவிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த எண்பத்தோராவது ஆளை உள்ளே விடலாமா என்று எவன் ஓட்டுப் போட்டான்?

இன்னொன்றையும் ரோஸா சொல்வாள், அதைச் சொல்லும்போது கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாமா என்று இந்த நாட்டு ஆண்கள் எழுபத்தொன்றில் ஓட்டுப் போட்டு, வேண்டாம் என்றார்கள். எழுபத்துமூன்றில் மறுபடி போட்டு, மறுபடி வேண்டாம் என்றார்கள். எண்பத்துநான்கில்தான் போனால் போகிறது என்று மயிரிழையில் சரி என்றார்கள். அன்றைக்கு ரோஸா எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடவே நானும் அழுதேன்.

3

என் மகள் செல்வி இங்கே பிறந்தவள். அவள் அப்பா ராமன் எங்கள் மலையிலேயே கரடியூர்க்காரர், கல்யாணத்துக்குப் பிறகு வந்து இங்கே இரும்புச் சாமான் ஆலையில் சேர்ந்தார். செல்விக்குத் தமிழ் பேச வரும், அதுவும் எங்கள் சேர்வராயன் மலைத் தமிழ். ஆனால் அவள் கனவு காண்பது இந்த ஊர்ப் பாஷையில்தான். தூக்கத்தில் பேசும்போது கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஊர் பேண்டில் சேர்ந்து கிளாரினெட் வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒரு தடவை பேண்டு ஆஸ்திரியாவில் வாசிக்கப் போனது. இங்கிருந்து எல்லை கூப்பிடு தூரம். எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் கையாட்டியபடி கடந்தார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் செல்விக்கு வாங்கிய விசாவில் ஏதோ தேதிக் கோளாறு. பஸ் அரைமணி நேரம் நின்றது, அவள் ஒருத்திக்காக. கடைசியில் அவளைச் சுங்கச்சாவடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். ராமன் போய்க் கூட்டிவந்தார். வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் எந்த ஊருங்கம்மா?"

அதற்குப் பிறகுதான் குடியுரிமைக்கு மனுப் போட்டோம். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த நாளிலேயே என் தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரான சடையனைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். இந்த ஊரில் என்னை யாரும் காவேரி என்று கூப்பிடுவதில்லை, ரோஸாவைத் தவிர. மளிகைக் கடையிலும் மருத்துவமனையிலும் நான் திருமதி சடையன். அப்பாவுக்கு இதை எழுதியபோது மனிதர் நெடுநாள் சிரித்தாராம்.

காகிதம் எல்லாம் சேர்த்த பிறகு கடைசிப் படி ஒன்று இருக்கிறது என்றார்கள். இங்கே ஒரு வெளியூர்க்காரர் குடிமகனாக வேண்டுமானால், அவர் இருக்கும் கிராமத்துக்காரர்கள் ரகசிய ஓட்டுப் போட்டு அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் சட்டசபை, அப்புறம்தான் இளவரசரின் கையெழுத்து. கிராமம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஊராட்சி அலுவலகப் பலகையில் எங்கள் பெயரை ஒட்டினார்கள். முதல் பெயர் சடையன் காவேரி. கீழே ராமன், செல்வி.

4

எனக்கு இதைக் கேட்டதும் பயம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலும் இதுதானே வழக்கம் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரை வைகாசியில் சாமிக்குப் பொங்கல் வைக்கும்போது எங்களுக்கு ஊருக்கே பொதுவாக ஒரே ஒரு பெரிய பானைதான். ஊரில் உள்ள ஒவ்வொரு வீடும் அதில் ஒரு படி சாமை போடும். யார் வீட்டுச் சாமை அந்தப் பானையில் விழுகிறதோ அவர்கள்தான் ஊர்க்காரர்கள். புதிதாக ஒரு குடும்பம் சேர வேண்டுமானால், தட்டில் வெற்றிலை பாக்கும் தங்கள் கைப்பட விளைந்த காப்பிக்கொட்டையும் மிளகும் வைத்து வீடுவீடாகப் போய், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டால் சம்மதம். கேட்காமல் நுழைவதுதான் மரியாதைக் கேடு.

அதனால் அண்ணனுக்கு எழுதினேன். அவர் எங்கள் தோட்டத்துக் காப்பியும் மிளகும் பார்சல் அனுப்பினார். காப்பியை நானே வறுத்து அரைத்தேன். பழுப்புக் காகிதப் பைகளில் போட்டு, நூல் கட்டி, ஓட்டுக்கு முந்தைய வாரம் வீடுவீடாகக் கிளம்பினேன். ராமன் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். செல்வி வரமாட்டேன் என்றாள். இங்கே யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், வேண்டாம் என்று சொன்னாள். பதினைந்து வயதுப் பெண் பெரியவர்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நான் சத்தம் போட்டேன்.

எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். சிலர் மோந்து பார்த்து நல்ல வாசனை என்றார்கள். கைகொடுத்தார்கள். இவ்வளவு நல்ல ஜனங்களா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் தட்டை எடுத்தால் எடுத்ததுதான். இங்கே பையை வாங்கியது வெறும் மரியாதைக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுச் சீட்டை எண்ணினார்கள். வேண்டும் என்றவர்களைவிட வேண்டாம் என்றவர்கள் அதிகம்.

5

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் எப்படி? படுக்கையில் கிடப்பவர்கள் ஓட்டு எண்ணும்வரை காத்திருந்தா மூத்திரம் போவார்கள்? அந்த இல்லத்தில் நான் புரட்டிப் படுக்கவைக்கும் முதுகுகளில் எத்தனை முதுகு என்னை வேண்டாம் என்றது என்று எண்ணிக்கொண்டே துடைத்தேன். அந்த எண்ணம் தப்புத்தான். எனக்கு வந்தது, மறைத்து எழுத விருப்பமில்லை.

சாயங்காலம் ரோஸா வந்தாள். உள்ளே வரவில்லை. நான் கொடுத்த காப்பிப் பை அவள் கையில் இருந்தது. நூல்கூட அவிழ்க்கவில்லை. அதை வாசற்படியில் வைத்தாள்.

"காவேரி, இதை நீங்கள் ஓட்டுக்கு முன்னால் கொடுத்தீர்கள். ஊர் முழுக்கக் கொடுத்தீர்கள். ஓட்டை விலைக்கு வாங்க வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் பேசினார்கள்" என்றாள்.

நீ எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். பதினேழு வருஷமாக மரியாதையாகவே பேசிப் பழகிய எனக்கு அன்றைக்குத்தான் நீ என்று வந்தது.

"வேண்டாம் என்று போட்டேன். என் ஓட்டுக்காகப் பதின்மூன்று வருஷம் காத்திருந்தேன். அதை ஒரு பை காப்பிக்குக் கொடுத்தேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வருஷாவருஷம் ஆகஸ்ட் பதினைந்தில் இளவரசர் கோட்டைத் தோட்டத்தைத் திறந்துவிட்டு நாட்டுக்கே பீர் ஊற்றுகிறாரே, அதைப் போய் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறாயே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ரோஸா கள்ளம் இல்லாமல்தான் பதில் சொன்னாள்.

"அது வேறு. அவர் இளவரசர்."

விலைகொடுத்து நாட்டை வாங்கினவன் பேரனுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. நூறு வருஷம் முகத்தைக் காட்டாதவர்களை வேண்டாம் என்று ஒருவரும் சீட்டில் எழுதவில்லை. அவர் ஊற்றினால் விருந்து, நான் கொடுத்தால் லஞ்சம். இதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. தமிழில் சொன்னேன், நல்ல மலைத் தமிழில். ரோஸாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் போய்விட்டாள், பை படியிலேயே கிடந்தது.

செல்வி அழவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய் வாத்தியத்தைத் துண்டுதுண்டாகக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

6

காலையில் வாசல் பெருக்கப் போனேன். அந்தப் பையைத் தொட மனம் வராமல் சுற்றிப் பெருக்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. இதே மாதிரி நான் முன்பே ஒருதடவை பெருக்கியிருக்கிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம். எங்கள் அப்பா ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். ஊரை ஒட்டிய எஸ்டேட் லைனில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் இருந்த மாரியப்பன் தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுபவர். அவருடைய தாத்தாவைக் காடு வெட்டுவதற்காகக் கீழ்நாட்டிலிருந்து துரை கொண்டுவந்தான், மூன்று தலைமுறையாக மலையில்தான் பிறப்பும் இறப்பும். அவர் மகள் தாயம்மாவும் நானும் எட்டாவதுவரை ஒரே பெஞ்சு. கவுண்டர் வீடு தட்டை எடுத்தால்தான் மற்ற வீடு எடுக்கும் என்பதால் முதலில் எங்களிடம் வந்தார்.

"எங்க ஊட்டுச் சாமையும் ஒரு படி விழோணுங்க. நாங்களும் இந்த மலைதானுங்களே" என்றார்.

அப்பா தட்டைப் பார்க்கவே இல்லை. "நீங்க எஸ்டேட்டு ஆளுக. உங்கள எஸ்டேட்டு பாத்துக்கும். இது ஊர்ப் பானை" என்றார்.

மாரியப்பன் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் அதைத் தொடவில்லை. நான் துடைப்பத்தோடு வந்து தட்டைச் சுற்றிப் பெருக்கினேன். மத்தியானம் தாயம்மா வந்து எடுத்துப் போனாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையை மொத்தமாக விலைபேசி வாங்கின துரையை அப்பாவால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அவன் எங்கள் ஆட்களை அவர்கள் காட்டிலிருந்தே விரட்டினான், அவனை ஊர் கூடி ஓட்டுப் போட்டா உள்ளே விட்டது? கேட்க முடியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கேட்க வந்தவனிடம் கதவை அடைத்தோம். இங்கே ரோஸாவின் ஊர் செய்ததும் அதைத்தான். அப்பா செத்து ஏழு வருஷம் கழித்து, ஊராட்சிப் பலகையில் அவர் பெயரை ஒட்டி, சடையன் வேண்டாம் என்று வெளிநாட்டில் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு அவர் சிரித்திருக்க மாட்டார்.

7

செல்விக்கு எல்லாவற்றையும் சொன்னேன், பெருக்கினதையும் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

"அப்பறம் அவங்க சாமை வுழுந்துச்சாம்மா?"

எனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் ஒருதடவைகூட நான் கேட்கவில்லை. அண்ணன் பெருமாள்தான் இப்போது ஊர்க்கவுண்டர். அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இல்லை என்றார். மாரியப்பன் காலமாகிவிட்டார், தாயம்மா எஸ்டேட்டில் பழம் பறிக்கிறாள், அவள் மகன் மலையிலேயே பள்ளிக்கூட வாத்தியார், ஆனாலும் பானையில் அவர்கள் படி இல்லை. அப்புறம் என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து ஒன்று சொன்னார்.

"உன்ற படி வருசம் தப்பாம வுழுது கண்ணு. நீ கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தியே, அன்னைலருந்து உன்ற பேர்ல நானே போட்டுர்றேன்."

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த ஊர்ப் பானையில் படி கிடையாது. எனக்காக அந்த வழக்கத்தை வளைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷத்தில் இரண்டே இரண்டு தடவை மலை ஏறினவள் நான், என் சாமை விழுகிறது. தினமும் அந்த மலையில் ஏறி இறங்குபவளின் சாமை விழவில்லை. வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு இந்த மலையை ஆண்டவர்களை நான் என்ன பாடு திட்டியிருப்பேன். எங்கள் ஊருக்கு நான்தான் அந்த இளவரசி.

என் படியை நிறுத்துங்கள், அந்த இடத்தில் தாயம்மா படி விழட்டும் என்று அண்ணனுக்கு எழுதினேன். கடிதத்தின் அடியில் செல்வியும் தன் கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதினாள். மாமா, எங்குளுக்கு வேண்டாங்க, அவங்களுக்குப் போடுங்க என்று. தாயம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அதை எழுதத்தான் நாலு நாள் ஆனது.

இந்த வைகாசி கழிந்து அண்ணன் பதில் வந்தது. ஊர் கூடிப் பேசினார்களாம். அது அப்பா காலத்து வழக்கம், அதில் கைவைக்க முடியாது என்று முடிவாகிவிட்டதாம். நீ கேட்டபடி உன் படியை மட்டும் நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார். ஆக, இப்போது நான் இந்த ஊரிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. அண்ணன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவார், படிக்கட்டும்.

போன வாரம் ஆகஸ்ட் பதினைந்து. கோட்டைத் தோட்டத்தில் கூட்டம். ரோஸா பீர் வரிசையில் நின்றாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். செல்வி அரை வருஷம் பூட்டிவைத்த வாத்தியத்தை இந்த வசந்தத்தில் தானாகத்தான் திறந்திருந்தாள். வாசிப்பு அவளுடையது, அதை எந்தச் சீட்டும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். சீருடையில் அவள் நாட்டுப்பண் வாசிக்க, தோட்டமே எழுந்து நின்றது. நான் புல்லில் உட்கார்ந்தே இருந்தேன். பைக்குள் முந்தின நாள் வந்த தாயம்மாவின் கடிதம் இருந்தது. அவர்கள் வாசித்து முடிக்கும்வரை அதைத்தான் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் மகன் கையெழுத்து, சொல் முழுக்க அவளுடையது.

"காவேரி, உன்ற காயிதம் கெடச்சுது. இருவது வருசம் களிச்சு இப்பத்தான் உனக்கு நெனப்பு வந்துச்சாக்கும். எங்கப்பன் அந்தத் தட்ட சாவறமுட்டும் தொடல. அந்தப் பானையில எங்க சாமை இனி வுழுவ வேண்டாம், நாங்க கேக்கவும் மாட்டம். வார வைகாசிக்கு எங்க லைன் வாசல்ல தனியாப் பானை வெக்கறம். உனக்கு மனசிருந்தா உன்ற புள்ளயக் கூட்டிக்கிட்டு ஒரு படி சாமை கொண்டா. வாசல்ல நின்னு கேக்கோணும். எடுக்கறதா வேண்டாமான்னு நாங்க சொல்லுவம்."